துவைக்காத சட்டை

கழக்கூட்டம்,
12 அக்டோபர் 2024

அன்புள்ள மைனிக்கு,

செல்வி எழுதுகிறேன். பார்சலுக்குள் கடிதம் வைப்பது என் வழக்கம். பொம்மைக்கு ஆர்டர் கொடுத்த எல்லோருக்கும் நாலு வரி எழுதி வைப்பேன், அழுக்கானால் எப்படித் துவைப்பது, எப்படிக் காயப்போடுவது என்று. உங்களுக்கு நாலு வரியோடு நிற்குமா என்ன?

யானை எப்படி வந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை உடம்புக்கும் தும்பிக்கைக்கும். பழுப்புச் சட்டை காதுக்கும் பாதத்துக்கும். இரண்டு சட்டையும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது இதற்காகத்தான். ஒரே துணியில் தைத்தால் யானை மூட்டை மாதிரி இருக்கும். சட்டைப்பையை அப்படியே முதுகில் வைத்திருக்கிறேன், திவ்யக்குட்டி மிட்டாய் ஒளித்து வைக்கலாம். கண்ணுக்குப் பட்டன் வைக்கவில்லை, நூலால் தைத்தேன். பட்டனைப் பிள்ளைகள் பிய்த்து விழுங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்கென்றே பிரஜின் என்று ஒருவன் தவழ்ந்துகொண்டிருக்கிறான், கையில் கிடைத்ததெல்லாம் வாயில்தான்.

ஆர்யா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மே, ஆனைக்குக் கண்ணு வேண்டே?" என்று ஒரே நச்சரிப்பு. எனக்கு வெட்டவே கை வரவில்லை மைனி. காலர் பக்கம் கத்தரி போகமாட்டேன் என்றது. ஹரிதான் பார்த்துவிட்டு, "நாளைக்கு வெட்டலாம் செல்வி" என்று கத்தரியை வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார்.

போனில், "துவைக்காத சட்டைதான் அனுப்புதேன், பாத்துக்கோ" என்று சொன்னீர்களே, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நமக்குள் என்ன கூச்சம்? கவரைப் பிரித்ததும் நேரே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். காலரில் மஞ்சள் கறை, கக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. சாலை பஜாரில் அத்தனை வருஷம் சிப்ஸ் அடுப்புக்கு முன்னால் நின்றவன் சட்டை வேறு எப்படி இருக்கும்? விடுவேனா நான்? தண்ணீர் மாற்றி மாற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, வேப்பிலைத் தண்ணீரில் அலசி, நல்ல வெயில் நாளாகப் பார்த்து மொட்டை மாடியில் காயவைத்தேன். இப்போது மோந்து பாருங்கள், கடையில் வாங்கிய புதுத்துணி தோற்றுப்போகும். குழந்தை கடிக்கிற பொருளில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. துவைக்காத துணியில் நான் கத்தரி வைத்ததே இல்லை.

அழுக்கானால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். பூந்திக்கொட்டை, வெதுவெதுப்பான தண்ணீர். முறுக்கிப் பிழியக் கூடாது. தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முதுகு மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் காயப்போட வேண்டும்.

ஜூலையில் எலிக்காய்ச்சல் அண்ணனைக் கொண்டுபோனதிலிருந்து உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். திவ்யா என்ன சொன்னாள் என்று உடனே சொல்லுங்கள்.

உங்கள்,
பொன்செல்வி


தோவாளை,
17 அக்டோபர் 2024

செல்விக்கு,

ஆர்டர் கொடுத்தவர்களுக்கு நாலு வரி எழுதுவாயாமே. நான் ஆர்டர் கொடுக்கவில்லை. உன்னை நம்பிக் கொடுத்தேன்.

உன் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறேன், அதனால்தான் போன் போகவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய். உன்னைத் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

என்ன காரியம் செய்துவிட்டாய்? அவர் காரியம் கழிந்த அன்றைக்கு, உங்கள் வீட்டுப் பெண்களும் எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து நாங்கள் குடியிருந்த மணக்காட்டு வீட்டில் அவர் உடுத்தது, படுத்தது எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கி எடுத்தீர்கள். சாவு வீட்டில் எதையும் துவைக்காமல் வைக்கக் கூடாது என்றீர்கள். தலையணை உறைகூட மிஞ்சவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய இரண்டு சட்டையை மட்டும் சுருட்டி அரிசி டின்னுக்குள் போட்டு நான் காப்பாற்றினேன்.

திவ்யா அந்தச் சட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். மடியில் வைத்துக்கொண்டுதான் சோறு வாங்குவாள். கடித்துக் கடித்து காலர் நைந்துபோயிற்று. போதாததற்கு நாங்கள் வந்து இருக்கிற என் அம்மா ஊரில் எங்கே திரும்பினாலும் பிச்சிப்பூ. வீடு முழுக்க அம்மா பூவைக் கொட்டி வைத்துக் கட்டுகிறாள், நானும் கட்டுகிறேன். அந்த வாசம் சட்டையில் ஏறிக்கொண்டே இருந்தது. பொம்மையாகத் தைத்து, ஒரு சட்டையை உள்பக்கமாக வைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் காற்றுப் போகாமல் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்பினேன்.

துவைக்காத சட்டை என்று சொன்னேனே. அதற்கு மேல் எப்படிச் சொல்வது? புருஷனின் வேர்வை வாசம் வேண்டும், அதைப் போக்கிவிடாதே என்று ஒரு பொம்பளை தன் நாத்தனாரிடம் வாய் திறந்து கேட்பாளா? உனக்கே தெரிய வேண்டாமா? நீ அவர் தங்கைதானே?

யானையைக் கையில் கொடுத்ததும் மூக்கில் வைத்தாள். காதில் மோந்தாள், வயிற்றில் மோந்தாள், அந்தப் பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். பிறகு அழவில்லை, எறியவில்லை. என் மடியில் வைத்துவிட்டு, "அப்பா சட்டையத் தா" என்றாள். எங்கே போவேன் நான்?

நீ அனுப்பியது யானை. நான் அனுப்பியது உன் அண்ணனை.

கிருஷ்ணவேணி


கழக்கூட்டம்,
19 அக்டோபர் 2024

மைனி,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது எனக்குத் தெரியவில்லை. ஆர்யா வந்து பாவாடையைப் பிடித்து இழுத்தபிறகுதான் தெரிந்தது.

வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். அதைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வேப்பிலை. பிரஷ்ஷை மோந்து பார்த்தேன், துவைத்த வாளியை மோந்து பார்த்தேன். "எந்தினாம்மா இப்படி மோந்து நோக்குறே?" என்று ஆர்யா கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். என்ன சொல்வேன்? உன் மாமாவை அம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன் என்றா சொல்வேன்?

ஒன்று சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டிருக்கலாம் மைனி. நான் என்ன வேற்றாளா? வெட்கத்தை விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் தலையில் வைத்துப் பாதுகாத்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நடுவில் அந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டது.

இல்லை, இதை அடித்துவிட நினைத்தேன். உங்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், எழுதியது எழுதியதுதான்.

"நீ அவர் தங்கைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுதான் தைத்துவிட்டது. அண்ணன் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நடை ஞாபகம் இருக்கிறது. அவன் வாசம் எது என்று உட்கார்ந்து யோசிக்கிறேன், வரவில்லை. கடையிலிருந்து நேரே இங்கே வந்தால் நான்தான் வாசலிலேயே நிறுத்தி, "போய்க் குளிச்சிட்டு வா, எண்ணெய் நாத்தம் தாங்கல" என்று விரட்டுவேன். சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போவான்.

திவ்யா சாப்பிடுகிறாளா? அதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

செல்வி


நாகர்கோவில்,
24 அக்டோபர் 2024

செல்விக்கு,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிடுகிறாளா என்று கேட்டாயே. சாப்பிடவில்லை. சோற்றை வாயில் வைத்தால் துப்புகிறாள், பாலைக் கொடுத்தால் குமட்டுகிறாள். தூங்கினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து கையைத் துழாவுகிறாள். சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்து, இப்போதுதான் குளுக்கோஸ் ஏறுகிறது.

டாக்டரம்மா நல்லவர். "உடம்புல ஒண்ணுமில்லம்மா, பிள்ளைக்கு ஏக்கம்" என்றார். ஏக்கத்துக்கு அவரிடம் மருந்து இல்லை. அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறாள், நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணனும் இப்படித்தான் படுத்தார். வெள்ளத்தில் கால் வைத்ததற்கு வந்த சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு நானும் இருந்தேன். இவளும் கண்ணை மூடிப் படுத்திருந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். இவளையும் கொடுத்துவிட்டு நான் இருந்து சோறு தின்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மணக்காட்டு வீட்டில், கடையில், எங்கேயாவது அவருடையது ஒன்று, துவைக்காதது, கிடக்கிறதா பார். துண்டு, கைக்குட்டை, செருப்பு எதுவானாலும் சரி. உன்னிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்க வேறு ஆளும் இல்லை.

கிருஷ்ணவேணி


கழக்கூட்டம்,
28 அக்டோபர் 2024

மைனி,

கடிதம் கிடைத்த அன்றே கிளம்பிவிட்டேன். பிரஜினை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து முதலில் மணக்காடு. உங்கள் வீட்டில் இப்போது ராகேல் என்று ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கதவை அகலத் திறந்துவிட்டார். பரணில் ஏறினேன், குளியலறை அலமாரியில் பார்த்தேன். சுவரெல்லாம் புது வெள்ளை. கதவுக்குப் பின்னால் அந்த ஆணி மட்டும் இருக்கிறது. அதில் ராகேலின் யூனிபாரம் தொங்குகிறது. பிரஜினுக்கு பிஸ்கட் கொடுத்தார்.

அங்கிருந்து சாலை பஜார். கடை முதலாளி நீலகண்டன் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். அண்ணன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த துணியைக் கேட்டேன். அது அடுப்பு துடைக்கப் போய், பிறகு குப்பைக்குப் போய்விட்டதாம். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணன் நின்ற இடத்தில் இப்போது இசக்கி நிற்கிறான், முன்பு அண்ணனுக்குக் காய் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தானே, அவன்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கரண்டியைப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"ஏக்கா, சட்டைய எதுக்குத் தேடுதிய? அண்ணன் மேல அடிச்சது இந்த அடுப்பு வாசந்தான? அடுப்பு இங்கனதான நிக்கி. அந்த ஆனையக் கொண்டாங்க, நாலு நாளு இதுக்கு மேல கட்டித் தூக்குவோம்."

சொல்லிவிட்டு மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயில் தெளித்தான். சடசடவென்று பொங்கி, தேங்காயெண்ணெயும் ஏத்தன் வாழைக்காயும் மஞ்சளும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. மைனி, சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் எனக்குப் பின்னால் நிற்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் அந்த வாசம் தெரிந்திருக்கிறது.

யானையை உடனே அனுப்புங்கள். இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. பைத்தியக்காரத்தனம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

செல்வி


தோவாளை,
1 நவம்பர் 2024

செல்விக்கு,

யானை இதனுடன் வருகிறது. புகையில் போடுவாயோ எண்ணெயில் போடுவாயோ, என்னவோ செய். சீக்கிரம் செய்.

இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு இறங்குகிறது. கழுத்து எலும்பு தெரிகிறது. தூக்கினால் பூக்கூடை கனம்கூட இல்லை.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும், இதுவரை நான் சொல்லவில்லை. அப்பா செத்தது இவளுக்குத் தெரியாது. அன்றைக்கு இவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். எல்லாம் முடிந்து கேட்டபோது, அப்பா கடையில் இருக்கிறார் என்று வாயில் வந்தது. இந்த ஊருக்கு வந்தபிறகு, அப்பா திருவனந்தபுரத்தில் கடையில் இருக்கிறார், லீவு கிடைத்தால் வருவார் என்று ஆக்கினேன். சட்டையில் வாசம் இருந்தவரை எனக்கே அது பொய்யாகத் தெரியவில்லை. சட்டையை உனக்கு அனுப்பும்போது, "அப்பா இதை ஆனையாட்டுப் பண்ணிக் குடுத்து விடுவாரு" என்று சொல்லித்தான் அவள் கையிலிருந்து வாங்கினேன். வந்த ஆனையில் அப்பா இல்லை. அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நேற்று தீபாவளி. நமக்கு இந்த வருஷம் ஏது? ஆனால் தெருவெல்லாம் வெடி. தீபாவளிக்காவது அப்பா வருவார் என்று எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கிறேன். இவள் எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வெடிக்கும் வாசலைப் பார்த்தாள். நான் பூக்கட்டுகிறவள் போலக் குனிந்துகொண்டேன். பொழுது சாய்ந்ததும் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை செல்வி. உன் மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

கிருஷ்ணவேணி


கழக்கூட்டம்,
9 நவம்பர் 2024

மைனி,

யானை வருகிறது. பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இசக்கி அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டான். இரண்டாம் நாளே வாசம் ஏறிவிட்டது. நான் ஆசையாகப் போய் மோந்து பார்த்தேன். கடை வாசம் இருக்கிறது, ஆள் இல்லை. இசக்கியும் மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "வேர்வை இல்லாம வராதுக்கா. நான் வேணா இடுப்புல கட்டிக்கிடட்டா?" என்றான். தங்கமான பிள்ளை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவன் வேர்வை அவன் பெற்ற பிள்ளைக்கு.

அப்போதுதான் தோன்றியது. நான் அண்ணனோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். என் வேர்வையில் கொஞ்சமாவது அவன் இருக்க மாட்டானா?

சிரிக்காதீர்கள். துப்பட்டாவால் யானையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டேன். அண்ணாச்சி ஓடிவந்தார். "எம்மா, பொம்பளப் பிள்ள அடுப்பு முன்ன நிக்கலாமா? வாங்க வாறவன் என்ன நெனப்பான்?" என்றார். "எங்க அண்ணன் நின்ன எடந்தான அண்ணாச்சி" என்றேன். அவர் ஒரு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். வேர்க்க வேண்டும் என்றுதானே நிற்கிறேன், அதை நானே அணைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். காய் சீவி நேரே எண்ணெயில் விழ வைக்க இசக்கி கற்றுக்கொடுத்தான். கையெல்லாம் சூடு. சிப்ஸ் வாங்க வந்த ஒரு அம்மா, பச்சைப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு எண்ணெயில் நிற்கிறேன் என்று நினைத்து மலையாளத்தில் ஏசத் தொடங்கிவிட்டார். துப்பட்டாவை விலக்கி யானையைக் காட்டினேன். அவர் பயந்துபோய், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் ஹரி பாடுதான் பெரும்பாடு. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, மடியில் பிரஜின். மீட்டிங் நடுவில் பிரஜின் எதையோ அமுக்கி எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டானாம். ஆர்யாவுக்குத் தலை வாரிவிடுவதும் அவர்தான். ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம், அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.

முதல் நாள் சாயந்தரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பிரஜின் தவழ்ந்து வந்து கையை நீட்டினான். தூக்கினேன். என் கழுத்தில் மூக்கை வைத்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹரியிடம் தாவினான், வீறிட்டு அழுதான். பெற்ற தாயை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை மைனி. குளித்துவிட்டு வந்தபிறகுதான் பால் குடித்தான். குளியலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். திவ்யாவுக்கு நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். ஆர்யாவிடம் நான் ஜூலையிலேயே சொல்லிவிட்டேன். "மாமன் இனி ஒரிக்கலும் வராதா?" என்று கேட்டாள். ஒருநாளும் வரமாட்டான் என்றேன். அழுதாள், பிறகு மாமாவுக்கு அங்கே குடை உண்டா என்று கேட்டாள். புத்தி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சட்டையைத் துவைத்தவளுக்கு அந்த உரிமை கிடையாது. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

யானையில் இப்போது யார் வாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மோந்து மோந்து என் மூக்கு செத்துவிட்டது. கூடவே ஒரு பொட்டலம் சிப்ஸ் இருக்கும், இசக்கி கொடுத்தது.

செல்வி


தோவாளை,
21 நவம்பர் 2024

செல்விக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

பார்சல் வந்த அன்று நான் பிரிக்கவில்லை, அவளே பிரிக்கட்டும் என்று பாயில் வைத்தேன். கவர் திறந்ததும் வாசம் வந்தது. அவள் யானையை இரண்டு கையாலும் எடுத்து மூக்கில் வைத்தாள்.

"அப்பா கடை" என்றாள்.

மறுபடியும் மோந்தாள், வெகுநேரம். "செல்வி அத்த" என்றாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை செல்வி, உன் பேரை நான் இந்த வீட்டில் எடுத்தே பல நாள் ஆயிற்று. அவளாகச் சொன்னாள். பிறகு காதில் தேடினாள், வயிற்றில் தேடினாள், பைக்குள் மூக்கை விட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கடை இருக்கு, அத்த இருக்கு. அப்பா எங்க?"

லீவு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நீ அந்த அடுப்பில் வெந்து இத்தனையும் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். அதற்கு மேலும் அவர் இல்லையென்றால் அவர் இல்லைதான். அது அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

"அப்பா செத்துப் போயிட்டாரு மக்களே" என்றேன்.

"வரமாட்டாரா?"

"வரமாட்டாரு."

"அடுத்த தீவாளிக்கு?"

"எந்தத் தீவாளிக்கும் வரமாட்டாரு."

என்னை அடித்தாள். கையைக் கடித்தாள், பல் பதிந்துவிட்டது. பிறகு அழுதாள் பார், அந்த மாதிரி அவள் அழுது நான் கேட்டதில்லை. நானும் அழுதேன். அவர் போனதிலிருந்து அவள் முன்னால் நான் அழுததே இல்லை, பொய் உடைந்துவிடும் என்று. அம்மா பூவை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அழுது அழுது விக்கல் எடுத்தது. என் மடியிலேயே படுத்துக்கிடந்தவள் கேட்டாள், "அப்போ சிப்ஸு யாரு போடுவா?"

"இசக்கி மாமா."

"அப்பா மாதிரி போடுவாரா?"

"தெரியல. நீயே தின்னு பாரு."

பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கையில் கொடுத்தேன். மோந்தாள், நக்கினாள், கடித்தாள். "உப்புக் கூட" என்றாள். இன்னொன்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். உப்பு கூட உப்பு கூட என்று குறை சொல்லிச் சொல்லியே பொட்டலத்தைக் காலி செய்தாள். மறுநாள் மத்தியானம் மோர்ச்சோறு பிசைந்து கொடுத்தேன், ஏழெட்டு வாய் வாங்கினாள். உப்புக் கூடுதல் என்று இசக்கியிடம் சொல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தூக்கத்தில் இன்னமும் கையைத் துழாவுகிறாள். நானும் துழாவுகிறேன். சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் தட்டைத் தள்ளுகிறாள். அப்பா செத்துப்போனது எங்கே, ஏன் என்று தினமும் ஒரு கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

யானையில் நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் அப்படித்தானே. எறும்பு வேறு. நேற்று அவளே மூக்கைச் சுளித்து, "நாறுகு" என்றாள். மழை விட்டு இன்றைக்குத்தான் வெயில் வந்தது. உன் முதல் கடிதம் கிழித்துப்போட எடுத்து வைத்திருந்தது, கிழிக்காமல் கிடந்தது. அதை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பூந்திக்கொட்டை, வெதுவெதுப்பான தண்ணீர், முறுக்கிப் பிழியக் கூடாது. அவள் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள், நான் தேய்த்தேன். நுரை மஞ்சளாக வந்தது. அதைப் பார்த்ததும் என்னால் கொஞ்ச நேரம் கையை அசைக்க முடியவில்லை. அவர் வாசம் அதில் இல்லை என்று தெரியும், இருந்தாலும் முடியவில்லை. பிறகு தேய்த்தேன். தண்ணீரிலிருந்து எடுக்கும்போது, "அம்மா, தும்பிக்கையப் புடிக்கப்பிடாது" என்று அவள்தான் அதட்டினாள்.

முதுகு மேலே இருக்கும்படி மொட்டை மாடியில் படுக்கவைத்திருக்கிறோம். காக்கா தூக்கிவிடும் என்று பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். நான் படிக்கட்டில் இருந்து இதை எழுதுகிறேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. நீ அழுவாய், எனக்குத் தெரியும். அழு.

உன் மைனி,
கிருஷ்ணவேணி